திறப்பு யார் கையில் இருக்கிறது?

2025 மே 3, சனி. இந்த இணைய இழைக்குக் கிண்ணியாவிலிருந்து ஓர் உயர்தர மாணவியின் கேள்வி

சார்க், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு, 1985இல் தொடங்கியது. நாற்பது வருடம் ஆகப்போகிறது. ஐரோப்பாவில் கடவுச்சீட்டைக் காட்டாமல் நாடு விட்டு நாடு போகிறார்கள், பல நாட்டுக்கு ஒரே காசு. நாங்களும் சோறு, பருப்பு, கிரிக்கெட் என்று ஒரே மாதிரி ஆட்கள்தான். எங்களுக்கு மட்டும் ஏன் அது வரவில்லை? நம்பிக்கை இல்லாததுதான் காரணம் என்று சேர் சொல்கிறார். அது மட்டும்தானா?

மே 3, இரவு

பிள்ளை, உங்கள் சேர் சொன்னதைத்தான் நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தேன். நம்பிக்கை, சகோதரத்துவம், ஒரே பண்பாடு. 2017 ஜூன் 5 காலையோடு அது என்னை விட்டுப் போய்விட்டது.

அப்போது நான் கட்டாரில், டோஹாவுக்கு வெளியே ஓர் உணவுக் களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பர். குளிர் அறை என் பொறுப்பு. பாலும் தயிரும் மோரும் கோழியும் சவூதியிலிருந்து லொறியில் வரும், சவூதிப் பக்கச் சல்வா எல்லையைக் கடந்து கட்டார்ப் பக்க அபூ சம்ரா வழியாக. விடியற்காலை நாலரைக்கெல்லாம் முதல் லொறி கதவடியில் நிற்கும். அதன் சாரதி பெஷாவர்க்காரர், தம்மாமில் தங்கி ஓடுகிறவர். ஏற்றி இறக்குகிறவர் வங்காளி, போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் நேபாளி, மேற்பார்வையாளர் மலப்புறத்து ஆள், கணக்கு எழுதுகிறவன் திருகோணமலையான். நாங்கள் எல்லோரும் உடைந்த ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம், அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று நோன்பு பத்து. பாலும் மோரும் இரட்டிப்பாகப் போகிற காலம். முதல் நாள் கணக்கில் குறைந்த மோர்ப் பெட்டிகளையும் சேர்த்து அந்தச் சாரதி கொண்டுவர வேண்டும். நாலரைக்கு வரவில்லை, ஆறுக்கும் வரவில்லை. மேற்பார்வையாளர் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சவூதி, ஐக்கிய அரபு இராச்சியம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கட்டாருடன் உறவை முறித்துவிட்டன; தரை, கடல், வான் மூன்றும் மூடல். கட்டாருக்கு இருப்பதே ஒரு தரை எல்லை, அது சவூதியோடு. அந்த நாட்டின் உணவில் பத்தில் நாலு பங்கு அந்த வழியால்தான் வந்துகொண்டிருந்தது என்று பிறகு எல்லாப் பத்திரிகையிலும் எழுதினார்கள். அன்று மாலை பேரங்காடியில் பால் அடுக்கில் விலைச்சீட்டு மட்டும்தான் இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு ஒரே மொழி, ஒரே மார்க்கம், எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே கோத்திரம், மாமன் மச்சான் உறவு. வளைகுடா ஒத்துழைப்புச் சபை 1981இலிருந்து இருக்கிறது. 2003இல் சுங்க ஒன்றியம், 2008இல் பொதுச் சந்தை. அடையாள அட்டையைக் காட்டி எல்லை கடக்கிறவர்கள். அந்த ஒருமைப்பாட்டில் கால்வாசி நமக்குக் கிடையாது. இருந்தும் ஒரே காலையில் கதவு மூடியது. கட்டார் பிரஜைகளுக்குப் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். சவூதி மேய்ச்சல் நிலத்தில் நின்ற கட்டார் ஒட்டகங்களைக்கூட எல்லைக்குத் திருப்பித் துரத்தினார்கள்.

அதற்குப் பிறகு எந்த நாட்டுக் கூட்டைப் பற்றி யார் பேசினாலும் நான் கேட்பது ஒன்றுதான் (சாவியை எங்கள் ஊரில் திறப்பு என்போம்). திறப்பு யார் கையில் இருக்கிறது?

மே 4, ஞாயிறு

ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியென்றால் ஐரோப்பாக்காரர் நம்மை விட நல்ல மனிதர்களா என்று. இல்லவே இல்லை. முப்பது வருடத்துக்குள் இரண்டு முறை ஊர் ஊராக ஒருவரையொருவர் எரித்தவர்கள். அதனால்தான் 1951இல் பரிஸில் கையெழுத்து வைத்தபோது பாட்டு, பண்பாடு என்று தொடங்காமல் நிலக்கரியிலும் உருக்கிலும் தொடங்கினார்கள். பீரங்கி செய்யத் தேவையான இரண்டும் அவைதான். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறும் அந்த இரண்டையும் ஒரு பொது அதிகார சபைக்குக் கீழே வைத்தன, மேலே ஒரு நீதிமன்றமும் வைத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா வெளியேறியதைப் பாருங்கள். வாக்கெடுப்பு 2016 ஜூன் 23. வெளியே போனது 2020 ஜனவரி 31. மூன்றரை வருடம் சண்டை பிடித்தார்கள், பிரதமர்கள் மாறினார்கள், ஆனால் வாக்கு எண்ணி முடித்த அன்றே டோவர் துறைமுகத்தில் பால் லொறியை யாரும் மறிக்கவில்லை. போவதற்கும் ஒரு முறை எழுதி வைத்திருந்தார்கள். டோஹாவில் நான் பார்க்காதது அதைத்தான்.

மே 4, பின்னேரம்

திருத்தம். ஜெர்மனியில் இருக்கும் நம் ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார்: 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஐரோப்பாவிலும் எல்லைகளை மூடினார்கள், இத்தாலி முகக்கவசம் கேட்டு நின்ற நேரத்தில் ஜெர்மனி ஏற்றுமதியைத் தடுத்தது. உண்மை, அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தடையைச் சில நாட்களிலேயே எடுக்க வைத்தது பிரசெல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம். கட்டார்க் கதவு திறக்க மூன்றரை வருடம் போனது. வித்தியாசம் அங்கேதான் என்று இன்னும் நினைக்கிறேன்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். காலையிலேயே வாக்குப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் வீதிக் கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு. தலைவரிடம் ஒரு திறப்பு, செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. மூவரும் ஒன்றாக நின்றால்தான் பெட்டி திறக்கும். என் அப்பா பன்னிரண்டு வருடம் பொருளாளர். திறப்பு சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நாங்கள் தொட்டால் அடி. சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன், உங்களை அவர்கள் நம்பவில்லையா அப்பா என்று. அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "மூன்று பூட்டு இருக்கிறபடியால்தான்டா நாங்கள் மூவரும் இன்னும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம்."

உங்கள் சேருக்கு என் மறுமொழி இதுதான், பிள்ளை. நம்பிக்கை வந்த பிறகு கூடுவோம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. பூட்டைச் சரியாகப் போட்டால் நம்பிக்கை பின்னால் வரும். ஐரோப்பாக்காரர் நிலக்கரிக்கும் உருக்குக்கும் போட்டது இந்த மாதிரிப் பூட்டைத்தான்.

மே 8, வியாழன்

நேற்றிலிருந்து இந்தியா, பாகிஸ்தான் சண்டைச் செய்திதான். எழுத மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கமான ஆட்கள் இருக்கிறார்கள்.

மே 12, திங்கள், வெசாக் விடுமுறை

சண்டை நின்றுவிட்டது. கடையும் இன்று பூட்டு, நேரம் இருக்கிறது.

டோஹாவிலிருந்து வந்த பிறகு மத்திய வீதிப் பக்கம் சின்னதாக ஒரு மளிகை மொத்தக் கடை நடத்துகிறேன். என் கடைக்குள் நின்றே இந்த விஷயத்தைப் பார்க்கலாம். இரண்டு மூட்டை சொல்கிறேன்.

முதல் மூட்டை மைசூர்ப் பருப்பு. நம் வீடுகளில் அதற்கு வேறு பெயரே கிடையாது. மூட்டையைத் திருப்பிப் பார்த்தால் கனடா அல்லது அவுஸ்திரேலியா என்று இருக்கும். அந்தப் பருப்பு கடல் கடலாகச் சுற்றி வருகிறது, பெயர் மட்டும் பக்கத்து வீட்டுப் பெயர். தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் ஐந்து வீதம் அளவுதான், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமான ஆசியானில் அது கால் பங்கு அளவு. இந்தக் கணக்கை உலக வங்கி பல தடவை சொல்லிவிட்டது. சின்ன வயதில் அந்த மூட்டைப் பெயரைப் பார்த்து மைசூரில் வயல் வயலாகச் சிவப்புப் பருப்பு விளைகிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது, பம்பாய் வெங்காயம். 2023 ஓகஸ்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 வீத வரி போட்டது, டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. அங்கே விலை ஏறுகிறது, தேர்தலும் வருகிறது, அவர்கள் தங்கள் ஆட்களைப் பார்ப்பார்கள், அதில் பிழை இல்லை. ஆனால் இங்கே கிலோக் கணக்கில் வாங்கினவர்கள் கால் கிலோ கேட்டு நின்றார்கள். கொத்துரொட்டிக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் எண்ணி எட்டு வெங்காயம் வாங்கிப் போனார். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பாகிஸ்தான் வெங்காயத்தை இறக்கித்தான் ஓரளவு சமாளித்தோம். 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன்னுக்கு டெல்லி அனுமதி கொடுத்தது. அது அனுமதி, உரிமை அல்ல. நாங்கள் கேட்டோம், அவர்கள் கொடுத்தார்கள். கொடுக்காமலும் விட்டிருக்கலாம். திறப்பு அவர்கள் சட்டைப்பையில்.

நாங்கள் மட்டும் சும்மாவா? மஞ்சளை நினைத்துப் பாருங்கள். உள்ளூர் விவசாயியைக் காப்பாற்ற என்று மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினோம். 2020இல் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போனது. மன்னார்க் கடலில் மஞ்சள் மூட்டை பிடிபடுவதும் அதை எரிப்பதும் செய்தியில் வந்துகொண்டே இருந்தது. எனக்கு வந்த மஞ்சள்தூளில் ஒரு சரையைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன், அடியில் மாவு படிந்தது. அந்தப் பொதி முழுவதையும் திருப்பி அனுப்பினேன். தூத்துக்குடியில் அதே நேரம் மஞ்சள் சாதாரண விலை.

மே 13, செவ்வாய்

கொழும்பில் கிளியரிங் வேலை செய்யும் அண்ணா ஒருவர் நல்ல விஷயம் ஒன்று சேர்த்திருக்கிறார். இந்தியாவோடு நமக்குச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1இலிருந்து நடக்கிறதே, பிறகு ஏன் சாமான் விலை குறையவில்லை என்று எல்லோரும் கேட்பார்களாம். முதலாவது, ஒப்பந்தத்துக்குள் வராத பொருட்களின் பட்டியல். தொடக்கத்தில் இந்தியா 429 வகையை வெளியே வைத்தது, நாங்கள் 1,180 வகையை வைத்தோம். இரண்டாவது, சுங்க வரி பூச்சியம் என்று இருந்தாலும் அதன் தலைக்கு மேல் செஸ் வரி, துறைமுக விமான நிலைய அறவீடு என்று வேறு பெயரில் ஏறும். மூன்றாவது, எந்த நாட்டுப் பொருள் என்று நிரூபிக்க வேண்டும், 35 வீதப் பெறுமதி இங்கே சேர்ந்திருக்க வேண்டும்.

வனஸ்பதிக் கதையையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். பாமாயிலுக்கு இங்கே வரி குறைவு, அங்கே அதிகம். அந்த இடைவெளிக்காகவே இங்கே ஆலைகள் வந்து, பாமாயிலை வனஸ்பதியாக்கி வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பின. இந்தியா அளவு கட்டியது, ஆலைகள் மூடின. அதில் எனக்கு இந்தியா மீது கோபம் வரவில்லை. இடைவெளியில் பிழைக்க வந்த ஆலை இடைவெளி மூடினால் போகத்தான் செய்யும். ஆனால் அந்த வரிசையில் மிளகும் தேயிலையும் உடுப்பும் அளவுக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டன, அவை நம் சொந்த உழைப்பு.

மே 18, ஞாயிறு

இன்று முள்ளிவாய்க்கால் நாள். காலையில் கஞ்சி கொடுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறேன்.

மே 18, இரவு

திருகோணமலையில் இருந்துகொண்டு தாங்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பத்திரிகைகளில் எண்ணெய்க் குதம் என்று எழுதுவார்கள், எங்களுக்குத் தாங்கி. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் தன் கப்பல் படைக்காகக் கட்டியது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. இன்று நிற்பவை 99. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். மேல் பக்கத் தாங்கிகளைச் சுற்றிக் காடு ஏறி, சுவரில் ஆலம் வேர் இறங்கியிருக்கும்.

1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில் ஒரு வரி: இந்தத் தாங்கிகளைத் திருத்தி நடத்துவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக இருக்கும். ஒரே ஒரு வரி. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனிக்குக் குத்தகை. அவர்கள் கீழ்ப் பக்கத் தாங்கிகளை மட்டும் பாவித்தார்கள். 2022 ஜனவரியில்தான் பங்கு பிரித்தார்கள்: 14 அவர்களுக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் 51 வீதம் நமக்கு, 49 அவர்களுக்கு. ஒரு வரி கம்பனியாக மாற முப்பத்தைந்து வருடம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எழுதிய வரி, என் மகன் பல்கலைக்கழகம் போகும்போது நிறைவேறுகிறது.

அதே 2022இல்தான் பெற்றோல் வரிசை. இரண்டு இரவு மோட்டார் சைக்கிளோடு தெருவில் படுத்தேன், கடலின் மறுபக்கம் அந்தத் தாங்கிகள். அந்த வருடம் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் கடனும் உதவியும் தந்தது, தமிழ்நாடு 40,000 தொன் அரிசி அறிவித்தது. அந்த உதவி வந்திருக்காவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று தெரியும், அதை மறப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் இரக்கப்பட்டு ஊற்றும் எண்ணெய் வேறு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான தாங்கி வேறு. தாங்கியை 1987இலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த இரண்டு இரவும் என்ன ஆகியிருக்கும் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன்.

மே 19, திங்கள்

சம்பூரிலிருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார், "தாங்கிக்குப் பங்கு பிரித்த கதை சொன்னீர்கள் அண்ணா, எங்கள் காணிக் கதை எங்கே?" என்று. நியாயம்.

சம்பூர் மக்கள் 2006இல் சண்டையில் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் முகாமில் இருக்கும்போதே அங்கே இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்று ஒப்பந்தம் போனது. 2016இல் அதைக் கைவிட்டார்கள். இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்சாரம், சென்ற மாதம் இந்தியப் பிரதமர் வந்தபோது தொடக்கி வைத்தார்கள். சூரிய மின்சாரம் நிலக்கரியை விட எவ்வளவோ நல்லது. ஆனால் கொழும்பும் டெல்லியும் மேசையில் இருந்து பேசிய இந்த எல்லா வருடத்திலும் வயலுக்குச் சொந்தக்காரனுக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

இதனால் என் பழைய எழுத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். கோயில் உண்டியலுக்கு மூன்று திறப்பு என்று பெருமையாக எழுதினேன். மூன்றும் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம். காசு போட்ட சனத்திடம் ஒன்றும் இல்லை.

மே 25, ஞாயிறு

உண்டியல் கதையில் இரண்டாம் பாகம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

சண்டைக் காலத்தில் செயலாளர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அவசரத்தில் திறப்பும் பயணப் பெட்டியோடு போய்விட்டது. பதினாலு மாதம் உண்டியல் திறபடவில்லை. காசு நிரம்பி, துவாரத்தால் நோட்டு வெளியே எட்டிப் பார்த்தது. கோயிலில் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசில்லை. கடைசியில் பங்குனி உத்தரத்துக்கு முதல் நாள் பூட்டை அறுத்தார்கள்.

சார்க்குக்கு நடந்தது இதுதான். அதன் சாசனத்தில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக இருக்க வேண்டும், இரு நாட்டுத் தகராறுகளை அங்கே பேசக்கூடாது. எட்டுப் பூட்டு, எட்டுத் திறப்பு. 2014 காத்மண்டுவோடு தலைவர்கள் மாநாடு நின்றுவிட்டது. 2016 இஸ்லாமாபாத் மாநாடு காஷ்மீரின் ஊரி இராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு நடக்கவில்லை, அதன் பின் கூடவே இல்லை. காத்மண்டுவில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தத்துக்குப் பாகிஸ்தான் சம்மதிக்காததால் இந்தியா, நேபாளம், பூட்டான், பங்களாதேஷ் நான்கும் 2015இல் தனியாகப் போட்டன. அதைப் பூட்டான் மேலவை நிராகரித்தது. வளைகுடாவில் ஒருவன் நினைத்தால் மூடலாம். இங்கே ஒருவன் நினைத்தால் திறக்கவே முடியாது. இரண்டும் ஒரே நோய்.

ஐரோப்பாவிலும் இது வந்தது. 1965 நடுப்பகுதியிலிருந்து பிரான்ஸ் ஏழு மாதம் கூட்டங்களுக்கே வரவில்லை, நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. ஆனால் பிறகு மெல்ல மெல்லப் பெரும்பான்மை வாக்குக்குப் போனார்கள். இப்போது பல விஷயத்தில் 55 வீத நாடுகள், அவற்றில் 65 வீத மக்கள் தொகை இருந்தால் போதும். எங்கள் கோயிலிலும் விதியை மாற்றினார்கள்: மூவரில் இருவர், கூடவே சாட்சிக்குக் கிராம சேவகர்.

நான் நேற்றுவரை நம் பகுதியில் ஓர் ஒப்பந்தத்தையாவது பெருமையாகக் காட்டுவேன், 1960 சிந்து நதி நீர் ஒப்பந்தம். 1965, 1971, 1999 மூன்று சண்டையையும் தாண்டி நின்றது. தனியாக ஒருவர் நிறுத்தி வைக்க அதில் விதியே கிடையாது. காஷ்மீரில் நடந்த பஹல்காம் கொலைகளுக்குப் பிறகு, ஏப்ரல் 23, இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டது. அந்தக் கொலைகளை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியும். இருந்தாலும் அறுபத்தைந்து வருடப் பூட்டு ஒன்று போனதும் எனக்குப் பெரிய துக்கம்.

மே 26, திங்கள்

ஒரு பிழை. மற்ற எல்லா நாடும் இந்தியாவோடு மட்டும்தான் எல்லை தொடுகிறது, தங்களுக்குள் தொடவில்லை, அதனால் சார்க் சக்கரம் போல ஒரே அச்சில் நிற்கிறது என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் நீண்ட எல்லையைப் பகிர்கின்றன, மறந்துபோனேன். மற்றபடி அச்சு இந்தியாதான் என்பது சரி. மக்கள் தொகையில் நாலில் மூன்று பங்கு, பொருளாதாரத்தில் அதற்கும் மேல் இந்தியா. ஐரோப்பாவில் ஜெர்மனிக்குப் பக்கத்தில் பிரான்சும் இத்தாலியும் இருந்தன. இங்கே யானையோடு ஏழு முயல்.

ஜூன் 1, ஞாயிறு

ஒரே மொழி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் எழுதுகிறவர்களுக்கு: பாக்குநீரிணைக்கு வாருங்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான். மீனுக்கும் வலைக்கும் காற்றுக்கும் ஒரே பெயர், ஒரே வேளாங்கண்ணி மாதா. 1974இலும் 1976இலும் கடல் எல்லை போட்டார்கள். கடலடியை வாரும் இழுவைமடி வலையை இங்கே 2017இல் சட்டத்தால் தடை செய்தோம், அங்கிருந்து வரும் ரோலர், அதாவது இழுவைப் படகு, இன்னும் வருகிறது. குச்சவெளியில் என் மச்சான்முறை ஒருவர் சில காலம் முல்லைத்தீவில் தொழில் செய்தவர். ஒரு விடியலில் ஆறு லட்சம் ரூபாய் வலையில் மிச்சமாக மிதப்புக் கட்டைகள் மட்டும் வந்ததாம். அந்த ரோலரில் நின்றவன் தமிழில்தான் இவரைத் தூரப்போ என்று கத்தியிருக்கிறான். அவனும் முதலாளியிடம் கூலிக்கு நிற்கிறவன், வெறுங்கையோடு போனால் அவன் வீட்டிலும் அடுப்பு எரியாது. இருவருக்கும் பொதுவான ஒரு கடல் சபை, இரு பக்க மீனவரும் இருந்து வாக்குப் போடும் சபை, இத்தனை வருடத்தில் ஒன்று வந்திருக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், கிண்ணியாவில் நண்பர் வீட்டில் சாப்பாடு. அங்கே இந்த இழையைப் பற்றித்தான் பேச்சு. நண்பர் ஒரே கேள்வி கேட்டார்: "நாளைக்கு எல்லையைத் திறந்துவிட்டால் உன் கடை நிற்குமா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் இருக்கிறது. சுற்றுலா வீசாவில் வந்து வீடு வீடாகப் புடைவை விற்கிறவர்களால் எங்கள் நகரத்துப் புடைவைக் கடைக்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். எட்கா, அதாவது இந்தியாவோடு பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம், என்ற பேச்சு வந்தபோது கொழும்பில் தொழில்வாண்மையாளர்கள் எதிர்த்தார்கள், அவர்களை நான் இனவாதிகள் என்று திட்டினேன். அதை இப்போது திருப்பி எடுக்கிறேன். சிலர் அப்படி, பலர் என்னைப் போலப் பயந்தவர்கள்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்ததும் இந்தப் பயத்தால்தான். 1967இல் கென்யா, உகண்டா, தன்சானியா மூன்றும் கூடின. பொது ரயில், பொதுத் துறைமுகம், பொது விமானக் கம்பனி. லாபம் எல்லாம் கென்யாவுக்குப் போகிறது என்று மற்ற இரண்டுக்கும் மனக்குறை, உகண்டாவில் இடி அமீன் ஆட்சிக்கு வந்த பிறகு அவரோடு ஒரே மேசையில் தன்சானியத் தலைவர் நியரேரே இருக்க மறுத்தார். 1977இல் உடைந்தது. சொத்துப் பிரிக்கவே 1984 ஆனது. ஆனால் அவர்கள் 1999இல் மறுபடி கையெழுத்து வைத்தார்கள், இன்று எட்டு நாடு. ஒருமுறை உடைந்தால் முடிந்தது என்று நான் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வந்து யோசித்தபோது இது ஞாபகம் வந்தது. அவருக்கு இரவே எடுத்துச் சொன்னேன்.

அதனால் வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டான பிம்ஸ்டெக்கை நான் விட்டுவிடவில்லை. 1997இல் தொடங்கி, 2022இல் கொழும்பில்தான் சாசனம் கையெழுத்தானது, இந்த ஏப்ரலில் பாங்கொக்கில் கடல் போக்குவரத்து ஒப்பந்தம் வைத்தார்கள். வங்காள விரிகுடா எங்கள் வாசல். நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் நின்று நின்று ஓடினாலும் ஓடுகிறது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, விமானம் ஏறமாட்டேன் என்கிறா, கப்பல் என்றால் சிதம்பரம் வரை வருகிறேன் என்று பையைக் கட்டி வைத்திருக்கிறா. புயல் மாதங்களுக்கு முன் கூட்டிப் போக வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பிள்ளை கேட்டிருக்கிறா: கட்டார்க் கதவு பிறகு திறந்ததுதானே, அப்படியென்றால் எல்லாம் பழையபடி ஆகியிருக்குமே?

2021 ஜனவரி 5 சவூதியின் அல் உலாவில் கையெழுத்து வைத்தார்கள், திறந்தது. நான் அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டேன். ஆனால் பால் திரும்பி வரவில்லை. மூடிய முதல் வாரத்திலேயே துருக்கியிலிருந்து விமானத்தில் பால் வந்தது, பெட்டியில் எழுதியிருந்ததை எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அடுத்த மாதம் மாடுகளையே விமானத்தில் இறக்கினார்கள். மூன்றரை வருடத்தில் அந்தப் பாலைவனத்தில் பண்ணை எழும்பி, நாட்டுக்குத் தேவையான பாலை அங்கேயே கறந்தார்கள்.

அந்த மார்ச்சில் பெஷாவர் சாரதி எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். அபூ சம்ரா திறந்திருக்கிறது, முதல் தடவை இந்தப் பக்கம் வந்தேன், நம் களஞ்சியத்துக்குப் போனேன், உன் குளிர் அறையில் உள்ளூர்ப் பால் நிற்கிறது, வாசலில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இப்போது தரை ஓடு ஏற்றுகிறாராம். கூடவே ஒரு படம். 2017 ஜூன் 4 நான் கையெழுத்து வைத்துக் கொடுத்த டெலிவரி நோட், லொறி முன் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்து ஓரம் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. அடியில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: மோர், மீதி 40 பெட்டி, நாளை.